நாலு மணிக்கு முன் பத்து நிமிடம்

மூன்று ஐம்பதுக்கு லில்லி தன் மாமியார் போல நடந்து காட்டத் தொடங்கினாள். முகிலகத்தின் நாற்பதாவது மாடியில், துணி உலர்த்தும் முற்றத்தில் கூடியிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு வராதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளை முதல் அடி எடுத்து வைத்த நாளையோ, என்றோ ஒருநாள் நன்றாகச் சாப்பிட்ட பிரியாணியையோ நினைத்துக்கொண்டார்கள். எதையாவது நினைத்து மனசைச் சரி செய்தாக வேண்டும். இன்னும் பத்து நிமிடத்தில் அகவிணைகள் திறந்துகொள்ளும்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் துடைக்கிறது. தரையைத் துடைப்பதுபோல மனசைத் துடைப்பது. இப்படிச் செய்யச் சொல்லி எந்த உத்தரவும் கிடையாது, எந்த மேற்பார்வையாளரும் வந்து மிரட்டவில்லை. நம் எரிச்சல் நம்மோடு போகட்டும், பாவம் அவர்களுக்கு எதற்கு என்று அவர்களாகவே ஆரம்பித்த பழக்கம். வேலைக்குப் போகிற வீட்டில் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைக் காலங்காலமாகக் கற்றவர்கள். முகத்துக்குச் செய்ததை இப்போது உள்ளுக்கும் செய்தார்கள், அவ்வளவுதான்.

எஸ்தருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. வேலைக்காரர்களுக்கென்று இருந்த ஒரே லிஃப்டான பின்தூக்கி பழுதாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் தான் வேலை பார்க்கும் வீடு இருக்கும் முப்பத்தெட்டாவது மாடி வரை படியில் ஏறி வந்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் அந்த வலது முழங்கால் இனி எத்தனை ஏற்றம் தாங்கும் என்று அவளுக்கே தெரியாது.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது? மணி ஆவுது, தொடை," என்றாள் லில்லி.

"தொடைச்சுனுதான் கீறேன். போவ மாட்டேங்குது."

"பேரனை நெனச்சுக்கோ."

எஸ்தர் பேரனை நினைத்தாள். அவன் இட்லியைத் தலையில் தேய்த்துக்கொண்டதை நினைத்தாள். நாலு மணி அடித்தபோது உள்ளே ஓரளவு சுத்தமாகியிருந்தது. முழங்கால் வலியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அகவிணை கட்டைவிரல் நகம் அளவுதான். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது. ஒரு வீட்டுக்காரர், அந்த வீட்டில் வேலை செய்பவர் என்று இரண்டு பேரை அது இணைக்கும். தினமும் மாலை நாலிலிருந்து நாலேகால் வரை ஒருவர் உடம்பில் நடப்பது இன்னொருவர் உடம்பிலும் நடக்கும். இதயத் துடிப்பு, முதுகுவலி, வயிற்றைப் பிசைகிற பயம், நெஞ்சு நிறைகிற சந்தோஷம் எல்லாம் போகும். வார்த்தை போகாது. படம் போகாது. எதனால் வலிக்கிறது, யாரால் வலிக்கிறது என்பதும் போகாது.

இது வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு பின்தூக்கியின் கதவு ஃபரிதா என்ற பெண்ணின் கையை நசுக்கியது. மறுநாள் முந்நூற்று எண்பது வேலைக்காரப் பெண்களும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: முன்தூக்கியில் எங்களையும் ஏற்று. முகிலகத்தின் முன்புறத்தில் ஆறு தூக்கிகள். கண்ணாடிச் சுவர், மல்லிகை வாசனை, வீட்டுக்காரர் விரல் வைத்தால் ஐம்பத்தெட்டாவது மாடிக்கு நாற்பது விநாடி. பின்புறத்தில் ஒன்றே ஒன்று. குப்பையும், பழைய மெத்தையும், பார்சல்காரர்களும், வேலைக்காரர்களும் அதில்தான். நாயைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டால் முன்தூக்கியில் போகலாம் என்று உபவிதி பத்தொன்பது சொல்கிறது. எஸ்தரை யார் தூக்கி வைத்துக்கொள்வது?

பதினொரு நாள் முகிலகம் நாறியது. பன்னிரண்டாம் நாள் பேச்சுவார்த்தைக்கு ஒரு விஞ்ஞானி அம்மா வந்தார். நல்லவர், பார்த்தாலே தெரிந்தது. "தூக்கியைத் திறப்பது பெரிய காரியமில்லை. இன்று திறப்பார்கள், நாளை மூடுவார்கள். மனத்தைத் திறப்போம். மனம் திறந்துவிட்டால் தூக்கி தானாகத் திறக்கும்," என்றார். இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். வேலைக்காரப் பெண்கள் சங்கத்தின் சார்பில் எஸ்தர்தான் கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் நாலேகாலுக்கு முகிலகமே அழுதது. எஸ்தரின் முதுகுவலியை வாங்கிக்கொண்ட வர்ஷினி ஒரு மணி நேரம் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாளே சமையலறைக்கு முக்காலி வாங்கிப் போட்டாள். தனி டம்ளர்கள் குப்பைக்குப் போயின. முன்கூடத்தில் வெறுப்புமானி என்று ஒரு பலகை வைத்தார்கள். எல்லா அகவிணைகளிலும் ஊறும் கசப்பைக் கூட்டிச் சராசரி போட்டு அது காட்டும். ஆரம்பத்தில் எழுபத்தொன்றில் நின்றது. இப்போது ஆறு. வேறு கட்டடத்துக்காரர்கள் எல்லாம் வந்து அந்த ஆறின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தூக்கி மட்டும் தானாகவும் திறக்கவில்லை, யாரும் திறக்கவும் இல்லை.

எஸ்தர் மாடி இறங்கி வந்தபோது வர்ஷினி கையில் தைலத்தோடு வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, என் முழங்கால் இன்னும் தெறிக்குது. இந்தக் காலோடயா காலைல ஏறி வந்தீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா? மொதல்ல உக்காருங்க."

உட்கார வைத்து அவளே தேய்த்துவிட்டாள். வர்ஷினிக்கு முப்பத்தேழு வயது. வீட்டிலிருந்தபடியே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள், ஒரு நிமிடம் ஓய்வு கிடையாது. அப்படிப்பட்டவள் தரையில் உட்கார்ந்து எஸ்தரின் காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைலேர்ந்து காலைல நானே கீழ வந்து உங்களை முன்தூக்கியில கூட்டிட்டு வர்றேன். என் விருந்தாளின்னு விரல் வெச்சுட்டா யார் கேக்கப் போறாங்க?"

"உங்களுக்கு எதுக்கும்மா செரமம்."

"இப்படிப் பேசுனா எனக்குக் கோவம் வரும்."

மறுநாள் சொன்னபடியே வந்தாள். வர்ஷினி மட்டுமில்லை. கட்டடம் முழுக்க வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து தங்கள் தங்கள் இணையை விருந்தாளியாக மேலே கூட்டிப்போனார்கள். அக்கா, வாங்க. சாந்தி, ஜாக்கிரதை. முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இதில் ஒருவரும் நடிக்கவில்லை. நடித்திருந்தால் எஸ்தர் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பாள், கண்டபடி கேட்டும் இருப்பாள்.

இப்படி ஐந்து நாள் போயும் பின்தூக்கி ஓடவில்லை. மோட்டார் எங்கிருந்தோ கப்பலில் வரவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் கழிவெளி நகரில் சங்கக் கூட்டம் போட்டாள். சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம், நகரத்திலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டிய இடம் அது. கூட்டத்தின் முன்வரிசையில் அவள் அண்ணன் மகள் ரோஜா உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம். ஐம்பத்திரண்டாவது மாடியில் கீர்த்தனா என்பவள் வீட்டில் சமையல் வேலை.

"நாளைலேர்ந்து எவளும் உள்ள போவ வேணாம்," என்றாள் எஸ்தர். "முன்தூக்கியைத் தொறக்கற வரைக்கும் வாசல்ல குந்துவோம். இந்தப் புள்ள வயித்தைப் பாருங்க. ஒரு நாள் இவ ஐம்பத்திரண்டு மாடி ஏற வேண்டி வந்தா இன்னா ஆவறது?"

சாக்கு ஒவ்வொன்றாக வந்தது.

"எங்கம்மாவுக்கு வியாழக்கெழம ஆப்பரேசன்க்கா. நான் இல்லாட்டி அவங்களுக்கு யாரு கீறாங்க?"

"எங்க வீட்டுப் பாப்பாவுக்குப் பரிச்சை."

"எங்க சார் வயசான காலத்துல தினிக்கும் எறங்கி வந்து என்னைக் கூட்டினு போறார். வாசல்ல குந்திட்டு அவர் மூஞ்சில எப்டி முழிக்கறது?"

எங்கம்மா, எங்க சார். மூன்று வருடத்துக்கு முன்பு இதே வாய்கள் அந்தப் பொம்பள, அந்தாளு என்றுதான் சொல்லின. எஸ்தர் ரோஜாவைப் பார்த்தாள்.

"அத்தே, எனக்கு ஒரு கொறையும் இல்ல," என்றாள் ரோஜா. "கீர்த்தனாக்கா தெனம் என்னைக் கையைப் புடிச்சுக் கூட்டினு போறாங்க. வயித்துல கொழந்தை ஒதைச்சா அவங்களுக்கும் ஒதைக்குது. சிரிக்கறாங்க, அழுவறாங்க. அவங்களுக்குக் கொழந்தை இல்ல அத்தே. அவங்க வாசல்ல போயி நான் கோசம் போடணுமா?"

கை தூக்கச் சொன்னபோது இருபத்தேழு கைகள் எழுந்தன. முந்நூற்று எண்பதில் இருபத்தேழு.

"வெக்கமா இல்லியா உங்களுக்கு?" என்றாள் எஸ்தர்.

"நீ மட்டும் இன்னாக்கா?" என்றாள் லில்லி. "அஞ்சு நாளா உங்க வர்ஷினிகூடத்தான மேல போற?"

எஸ்தர் போய்க்கொண்டுதான் இருந்தாள். முழங்காலுக்கு அது சுகமாகவும் இருந்தது. கூட்டிப்போக ஆளில்லாமல் படியில் ஏறுகிறவர்களை இரண்டு நாளாக அவள் நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் லில்லியே ஒரு வழி சொன்னாள். "சண்டை எதுக்கு? மானி ஆறுல கீது. ஓட்டுக்கு உடச் சொல்லுவோம். எங்கம்மா கண்டிப்பா நமக்குத்தான் போடுவாங்க." "எங்கம்மாவும்தான்," என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. கூட்டம் சந்தோஷமாகக் கலைந்தது.

வெள்ளிக்கிழமை முகிலகத்தின் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் வாக்களித்தன. முன்தூக்கியை எல்லோருக்கும் திறக்கலாம்: பத்தொன்பது. வேண்டாம்: முந்நூற்று அறுபத்தாறு. மிச்சம் பேர் ஊரில் இல்லை. பின்வாசலில் ஒட்டிய தாளைப் பெண்கள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஆனாலும் ஒருத்திகூடத் தன் வீட்டைச் சந்தேகப்படவில்லை. எங்கம்மா அந்தப் பத்தொன்பதில் ஒருத்தர்தான் என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். பத்தொன்பது ஓட்டுக்கு முந்நூற்று எண்பது பேர் சொந்தம் கொண்டாடினார்கள்.

எஸ்தர் நேராகவே கேட்டுவிட்டாள். "நீங்க எதுக்கும்மா போட்டீங்க?"

வர்ஷினிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "வேணாம்னுதான்க்கா போட்டேன்."

"ஏம்மா?"

"உங்களுக்கு என்னக்கா கவலை, நான்தான் கூட்டிட்டு வர்றேனே. எல்லாருக்கும்னு திறந்துவிட்டா யார் யாரோ வருவாங்க. யார் எப்படின்னு நமக்குத் தெரியுமா? குழந்தைங்க வந்து போற இடம்."

"யார் யாரோன்னா யாரும்மா? எங்க ஆளுங்கதான்."

"நீங்க வேறக்கா," என்று வர்ஷினி அவள் தோளைத் தொட்டாள். "உங்களைப் போய் அவங்களோட சேத்துப் பேசுவேனா?"

அன்று நாலு மணிக்கு அகவிணை திறந்தபோது எஸ்தர் வேலை மெனக்கெட்டு வர்ஷினிக்குள் தேடினாள். ஒரு துளி வெறுப்பு அகப்பட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுவிடலாம். மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். அன்பு இருந்தது. அக்கா மனசு வருத்தப்படுகிறாளே என்ற சின்னக் கவலை இருந்தது. கொஞ்சம் பசி இருந்தது. வேறு எதுவுமே இல்லை. இவ்வளவு சுத்தமான ஒரு மனசிலிருந்து அந்த ஓட்டு விழுந்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எஸ்தருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல்கூட வர்ஷினிக்குப் போயிருக்காது. பழக்க தோஷத்தில் அது எழ எழ அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த புதன்கிழமை கீர்த்தனா தங்கை கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாருக்குச் சாயங்காலக் கஞ்சி கொடுக்க ரோஜாவை வரச் சொல்லியிருந்தாள். பின்தூக்கி இன்னும் ஓடாதபோது, முன்தூக்கியில் விரல் வைத்துக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மூன்று மணிக்கு ரோஜா முன்கூடத்தில் வந்து நின்றபோதுதான் அது தெரிந்தது.

காவலாளி மரியாதையாகவே பேசினான். வீட்டுக்காரர் யாராவது கூட்டிப்போனால் அவனுக்கு ஆட்சேபணை இல்லை. தூக்கிகள் வந்தன, போயின. ரோஜா ஆறு பேரிடம் கேட்டாள். ஆறு பேரும் அவளிடம் அன்பாகத்தான் பேசினார்கள். "உன் இணை யாரும்மா? அவங்களுக்குப் போன் போட்டியா?" என்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டாள், தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள், பிறகு தன் தூக்கி வந்ததும் போய்விட்டாள். கீர்த்தனாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கிழவர் பசியோடு கிடப்பாரே என்று ரோஜா படியேறத் தொடங்கினாள்.

நாலு மணிக்கு அவள் முப்பத்து மூன்றாவது மாடித் திருப்பத்தில் விழுந்து கிடந்தாள். அகவிணை தன் கடமையைச் செய்தது. கோயம்புத்தூர் மண்டபத்தில் பட்டுப்புடவையோடு நின்ற கீர்த்தனா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். ரோஜாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. எங்கே, எப்படிக் கிடக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. வீட்டில் இருப்பாள், பக்கத்தில் யாராவது இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துப் பார்த்தாள். தாங்கவில்லை. காதுக்குப் பின்னால் இருந்ததைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, போட்டோவுக்குப் போய் நின்றாள்.

நாலு இருபதுக்கு லில்லி படியில் இறங்கி வரும்போது ரோஜாவைக் கண்டாள். முன்தூக்கி அவர்கள் விரலுக்குத் திறக்கவில்லை, ஆம்புலன்ஸ்காரர்களின் தூக்குப்படுக்கை அந்தப் படித் திருப்பத்தில் திரும்பவில்லை. லில்லியும் இன்னும் மூன்று பெண்களும் அவளைக் கையில் ஏந்தி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. பெண். அது அழவே இல்லை.

மறுநாள் எஸ்தர் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தபோது ரோஜா சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"கீழ ஒருத்தங்க நாற்காலி போட்டுக் குடுத்தாங்க அத்தே. நீ படம் காட்டியிருக்கல்ல, உங்க வர்ஷினிக்கா. படி ஏறும்போதுதான் யாருன்னு ஞாபகம் வந்துச்சு. தண்ணிகூட வாங்கிக் குடுத்தாங்க. நல்லவங்க."

எஸ்தர் எழுந்து வெளியே போனாள். யாரை அடிப்பது என்று தெரியவில்லை. மருத்துவமனைச் சுவரில் தன் தலையையே இடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நல்லவங்க. அந்த ஒரு சொல்லை வைத்துத்தானே மூன்று வருடம் எல்லோருடைய வாயையும் கட்டிப்போட்டார்கள், அவள் வாயையும் சேர்த்து.

அன்று சாயங்காலம் அவள் கூட்டம் போடவில்லை. கழிவெளி நகரில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். லில்லியும் கூடவே போனாள். ரோஜாவை இறக்கியபோது ரத்தமான சேலையை மாற்றாமலேயே போனாள். ஒவ்வொரு வாசலிலும் எஸ்தர் ஒரே விஷயத்தைச் சொன்னாள்: "நாளைக்கு நாலு மணிக்கு முன்னாலயே வாசலுக்கு வா. அகவிணையைக் கழட்டாத. தொடைக்காத. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

முந்நூற்று அறுபது பேர் வந்தார்கள். முகிலகத்தின் வாசலில், தார்ச்சாலையில், கால் வைக்க இடமில்லாமல் உட்கார்ந்தார்கள். மூன்று ஐம்பதுக்கு லில்லி எழுந்து நின்றாள். மாமியாரை யாரும் எதிர்பார்க்கவில்லை. முப்பத்து மூன்று மாடி ஒரு பெண்ணைக் கையில் ஏந்தி இறங்குவது எப்படி இருந்தது, எந்தெந்த மாடியில் நின்று மூச்சு வாங்கினார்கள், எந்த மாடியில் ரோஜா குழந்தை அசையவில்லை என்று சொன்னாள் என்பதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். முன்வரிசையில் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது கேட்டது. நாலு அடித்தது.

மேலே முந்நூற்று அறுபது வீடுகளில் காது சூடேறியது. தாடை இறுகியது. பதினேழாவது மாடியில் ஒரு பெரியவர் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டு, எறிந்த கையையே திகைத்துப் பார்த்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். நெஞ்சுக்குள் இப்படி ஒரு கோபம் இருக்க முடியும் என்றே அவர்களுக்குத் தெரியாது. எதற்கு என்றும் தெரியாது. அதுதான் போகாதே. முன்கூடத்து மானி ஆறிலிருந்து எண்பத்தொன்பதுக்குத் தாவியது.

ஜன்னலைத் திறந்தால் வாசலில் முந்நூற்று அறுபது பேர் தெரிந்திருப்பார்கள். சிலர் பார்க்கவும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் தங்கள் ஆளைத் தேடினார்கள், பாவம் அவளையும் யாரோ இழுத்து வந்துவிட்டார்கள் என்று வருந்தினார்கள். பிறகு புகார் எண்ணுக்குப் போன் போட்டார்கள். எல்லோரும் ஒரே புகாரைத்தான் சொன்னார்கள். என் அகவிணை கெட்டுப்போய்விட்டது. வேறு யாருடையதோ வருகிறது. எங்கள் லில்லிக்குக் கோபமே வராது, சிரித்துக்கொண்டே இருப்பாள்.

நாலு பத்துக்கு வீட்டுக்காரர்கள் சங்கச் செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "அகவிணைகளில் தொழில்நுட்பக் கோளாறு. உடனே கழற்றி வைக்கவும்." கழற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் பழுதுபார்க்கும் பொறியாளர் பெட்டியோடு வந்தார். இருபது அகவிணைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கோளாறும் இல்ல சார்," என்றார். "சொல்லப்போனா இவ்வளவு தெளிவா நான் எந்தக் கட்டடத்துலயும் பாத்ததில்ல." செயலாளர் அவரை நம்பாமல் வேறு ஆளை அனுப்பச் சொன்னார்.

வெயில் தாழ்ந்தபோது வர்ஷினி வாசலுக்கு வந்தாள். உள்ளங்கையில் அகவிணை இருந்தது. எஸ்தரைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? என்னுது கெட்டுப்போச்சு. நெஞ்செல்லாம் எரிஞ்சுது, ரொம்பப் பயந்துட்டேன். யாரோடது வந்துச்சுன்னே தெரியல."

"என்னுதுதாம்மா."

"இல்லக்கா. உங்களை எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா தெனம்..."

"மூணு வருசமா தொடைச்சுட்டுக் குடுத்தேன். இன்னிக்குத் தொடைக்கல."

இது புரிய வர்ஷினிக்குக் கொஞ்ச நேரமாயிற்று. முகம் சிறுத்துப்போனது. "அப்ப உங்களுக்கு என்னைப் பிடிக்காதா?"

"புடிக்கும். அதாம்மா என் வயித்தெரிச்சலு. உங்களைப் புடிச்சுப்போயித்தான் நான் தெனம் உங்ககூட மேல போனேன். எங்க அண்ணன் பொண்ணு படியில போனா." எஸ்தர் முன்கூடத்தின் பக்கம் கை காட்டினாள். "புதன்கெழம கீழ ஒரு புள்ளத்தாச்சிக்கு நாற்காலி போட்டுக் குடுத்தீங்களே, ஞாபகம் கீதா?"

"ஆமா. அந்தப் பொண்ணு..."

"அவதான் ரோஜா."

வர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பொய்யான அழுகை இல்லை. அகவிணை இல்லாமலே எஸ்தருக்கு அது தெரிந்தது.

"ஐயோ அக்கா, உங்க ரோஜான்னு எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"தெரியும்மா. கூட்டினு போயிருப்பீங்க."

எஸ்தர் காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்பதை வர்ஷினி கவனித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்க்கா. கால் எப்படி வீங்கியிருக்கு பாருங்க. இதோட இன்னும் எவ்வளவு நேரம் நிப்பீங்க? வாங்க, முன்தூக்கியில மேல போயிடலாம்."

"இவங்க?" என்றாள் எஸ்தர்.

வர்ஷினி அவளுக்குப் பின்னால் பார்த்தாள். முந்நூற்று அறுபது முகங்கள். எட்டு வருடமாக அவள் வசிக்கும் கட்டடத்துக்குத் தினமும் வந்துபோகிறவர்கள். அதில் ஒரு முகமும் அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து தன்னையே பார்ப்பதைக் கண்டதும் ஓரடி பின்னால் வைத்தாள். பிறகு எஸ்தரின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி, அவ்வளவு பிரியமாகச் சொன்னாள்:

"நீங்க மட்டும் வாங்கக்கா."